கடிக்காத கொசுவுக்குப் பெயர் வைப்பது

பூந்தமல்லியில் என் வீட்டுக் கதவைத் தட்டுபவர்களில் பலர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். அதற்குள் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள செக்கச்செவேலென்ற புழு எட்டுப் போட்டு நீந்திக்கொண்டிருக்கும். "சார், சம்ப்புல வந்திருக்கு. லாரித் தண்ணி வாங்குனதுதான் தப்பாப்போச்சு" என்பார் குமணன்சாவடிக்காரர். "எங்க தெருவுக்கு லாரியே வர்றதில்ல சார், போர் தண்ணியிலதான் வருது" என்பார் கரையான்சாவடிக்காரர். பெரும்பாலும் லாரியும் காரணமில்லை, போரும் காரணமில்லை. சாயங்காலம் ஒரு பூச்சி சம்ப்பின் சரியாக மூடாத மூடி வழியாகவோ காற்றுக்குழாய் வழியாகவோ உள்ளே போய், நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் வழவழப்பான ஜவ்வுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுப் போயிருக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுப் புழுக்கள் வெளிவந்து அடியில் படிந்திருக்கும் வண்டலுக்குள் இறங்கும். தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் அந்த வண்டலையே ஒட்டிக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். வளர வளரச் சிவக்கும். அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின்தான். பிராணவாயு குறைந்த சேற்றில் பிழைத்திருக்க அது உதவுகிறது.

வருபவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. சம்ப்பைக் காலி செய்து வண்டலை அள்ளுங்கள், நீர்மட்டக் கோட்டைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள், காற்றுக்குழாய் வாயில் மெல்லிய கண்ணி வலை கட்டுங்கள், குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். இந்தப் புழு யாரையும் கடிக்காது. இது வளர்ந்து ஆகும் பூச்சியும் கடிக்காது. ஆனால் கொதிக்க வைக்கச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. 2001-ல் ஹைஃபா பல்கலைக்கழகத்தின் மேயர் புரோசாவும் மல்கா ஹால்பர்னும் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். இந்தப் பூச்சிகளின் முட்டை ஜவ்வில் காலரா கிருமி குடியிருந்து, அந்த ஜவ்வையே உணவாக்கிப் பெருகுகிறது என்று காட்டியது அது. காலராவின் வரலாறு நம் நாட்டோடு எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை.

அவர்கள் போன பிறகு பாட்டிலை நான் கொட்டுவதில்லை. என் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கைரோனோமிட் என்பது அந்தப் பாட்டில் புழுவின் குடும்பப் பெயர். உலகில் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சியிருப்பவை அதைவிட அதிகமாக இருக்கலாம் என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களின் கணிப்பு. அண்டார்டிகாவில் முழுக்க முழுக்க நிலத்திலேயே வாழும் விலங்குகளில் மிகப் பெரியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெல்ஜிகா அண்டார்டிகா என்ற இறக்கையற்ற பூச்சிதான். சில மில்லிமீட்டர்தான் அதன் நீளம். நேபாளத்தின் யாலா பனியாற்றின் மேல், உறைநிலைக்கும் வெகு கீழே நடமாடும் ஒரு கைரோனோமிடை ஜப்பானியரான கோஷிமா 1984-ல் அறிவித்தார். நைஜீரியப் பாறைக் குழிகளில் தண்ணீர் வற்றும்போது தானும் காய்ந்து சருகாகி, அடுத்த மழையில் உயிர்த்தெழும் இனம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட குடும்பத்தின் உறுப்பினர்களைத்தான் தெருவிளக்கடியில் நாம் "கொசு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நகராட்சி புகையடிக்கும்போது முதலில் விழுவதும் பல நேரம் இவைதான். வேறுபடுத்துவது கடினமில்லை. உட்காரும்போது கொசு பின்னங்கால்களைத் தூக்கும். இவை முன்னங்கால்களைத் தூக்கும். குத்தும் ஊசிவாய் இவற்றுக்குக் கிடையாது. இறக்கையில் கொசுவுக்கு இருக்கும் செதில்களும் கிடையாது. ஆண் பூச்சிக்கு மயிலிறகு மாதிரி அடர்ந்த உணர்கொம்பு.

குடும்பத்தைக் கண்டுகொள்ள இவ்வளவு போதும். இனத்தைக் கண்டுகொள்ள ஆண் பூச்சியின் வயிற்று நுனிக்குப் போக வேண்டும். எங்கள் தொழில் முழுக்க அங்கேதான் நிற்கிறது.

ஆல்கஹாலில் போட்டு வைத்த பூச்சியை ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பூச்சி ஊசியால் பிரிப்போம். தலை தனி, உணர்கொம்பு தனி, ஒரு பக்கத்து இறக்கை தனி, கால்கள் தனி, வயிறு தனி. வயிற்றையும் நெஞ்சையும் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊற வைத்தால் தசையெல்லாம் கரைந்து போய் மேலோடு மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். பிறகு அசெட்டிக் அமிலம், ஆல்கஹால், கிராம்பு எண்ணெய் என்று படிப்படியாகக் கடத்தி, கனடா பால்சம் வைத்த ஸ்லைடில் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனிக் கவர்ஸ்லிப்பின் கீழ் படுக்க வைக்க வேண்டும். வயிற்று நுனி நேராக, முதுகுப்புறம் மேலே இருக்கும்படி படுக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் அதன் மடல்களின் வடிவம் வேறாகத் தெரியும். வேறாகத் தெரிந்தால் புதிய இனம் என்ற ஆசை வரும். சென்னை வெயிலில்கூட பால்சம் முழுசாகக் காய வாரக்கணக்கில் ஆகும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். மேசை விளக்கின் சூட்டில் ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி வைத்துக் காத்திருப்பேன்.

காய்ந்த பிறகு நானூறு மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போதுதான் அந்த நுனியின் கட்டமைப்பு விளங்கும். நடுவில் குத முனை. அதன் இருபுறமும் மேல் வோல்செல்லா, கீழ் வோல்செல்லா என்று இரண்டு ஜோடி மடல்கள். கடைசியில் பெண் பூச்சியைப் பற்றிக்கொள்ளும் கோனோஸ்டைலஸ். பாலிபெடிலம் என்ற பேரினத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பிரிப்பது மேல் வோல்செல்லாவின் வளைவும், அதன் பக்கவாட்டில் இருக்கும் ஒற்றை முடி எந்த இடத்தில் முளைத்திருக்கிறது என்பதும்தான். டிராயிங் டியூப் பொருத்தி இதைக் கோட்டோவியமாக வரைவோம். இடது பாதியில் மேற்புறம், வலது பாதியில் அடிப்புறம் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். புகைப்படம் எவ்வளவு துல்லியமானாலும் அந்த ஓவியத்துக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். வரைபவர் ஒவ்வொரு முடியையும் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானித்துவிட்டுத்தான் கோடு போடுகிறார். கேமரா எதையும் தீர்மானிப்பதில்லை.

அளவுகளும் உண்டு. உணர்கொம்பின் கடைசிக் கணுவின் நீளத்தை மற்றக் கணுக்களின் மொத்த நீளத்தால் வகுத்தால் வருவது ஓர் எண். முன்னங்காலின் முதல் பாதக் கணுவைக் கெண்டைப் பகுதியால் வகுத்தால் இன்னோர் எண். ஒரே பூச்சியை அளந்து எழுதினால் பயனில்லை. கிடைத்த ஆண்கள் அத்தனையையும் அளந்து, சிறியது எது, பெரியது எது, சராசரி என்ன என்று கொடுக்க வேண்டும். கோடையில் வளர்ந்த பூச்சி குட்டையாகவும் மார்கழியில் வளர்ந்தது நெடியதாகவும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பதியாத விவரிப்பு அடுத்தவனுக்கு உதவாது.

இது எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பாதிரியார். ழான்-ழாக் கீஃபர், 1857-ல் பிறந்தவர், பிட்ச் என்ற லொரேன் பகுதி ஊரில் இயற்கை அறிவியல் ஆசிரியர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சேர்ந்த இந்தச் சின்னப் பூச்சிகளைப் பற்றி 1910-லும் 1911-லும் அந்த அருங்காட்சியகத்தின் வெளியீடுகளிலேயே பிரெஞ்சில் எழுதினார். இந்தியக் கைரோனோமிட்களைப் பற்றிப் பேசும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. இன்று சென்னைக் குட்டைகளில் சேற்றைக் கலக்கினால் கிடைக்கும் கீஃபெருலஸ் பேரினமே அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. உழைப்பில் அவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் அவருடைய விவரிப்புகள் பல, சில வரிகளோடு முடிந்துவிடும். உடல் மஞ்சள், நெஞ்சில் பழுப்புக் கோடு, நீளம் இத்தனை மில்லிமீட்டர். நிறம் ஆல்கஹாலில் வெளுக்கும், வெப்பத்துக்கு ஏற்ப மாறும். பெயர் வைக்க அடிப்படையாக அவர் பார்த்த மூலமாதிரிகளில் பல இன்று கிடைப்பதில்லை. அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு, என் மேசையில் இருக்கும் பூச்சி அவருடையதா இல்லையா என்று நான் தீர்மானிக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்களுக்கு நான் ஆடுகளைக் காட்டுவேன். கடிக்கும் மிட்ஜ் என்று வேறொரு குடும்பம் உண்டு. அதில் கூலிகாய்டஸ் என்ற பேரினம் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகிறது. 1997-98-ல் தமிழ்நாட்டில் அந்த நோய் பெரும் அலையாக வந்து செம்மறியாட்டு மந்தைகளைக் காலி செய்தது. நம் பகுதியில் அந்த நோயோடு சேர்த்துப் பேசப்படும் கூலிகாய்டஸ் பெரெக்ரினஸ், கூலிகாய்டஸ் ஆக்சிஸ்டோமா இரண்டுக்கும் பெயர் வைத்தவர் கீஃபரே, ஆண்டு 1910. இரண்டாவது பெயரை அதன் நெருங்கிய உறவான ஷூல்ட்சீ இனத்தோடு குழப்பிக்கொண்டே பல பத்தாண்டுகள் கழிந்தன. எந்தப் பூச்சி கிருமியைச் சுமக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு பூச்சிகளுக்கு ஒரே பெயர் இருந்தால், மருந்து எங்கே அடிப்பது, எந்தச் சாணக் குழியை மூடுவது என்று எப்படி முடிவு செய்வது? கிடை போடும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். "பேரு தப்பா இருந்தா வைத்தியமும் தப்பாத்தானே சார் போகும்" என்றார்.

கீஃபருக்குப் பின் இந்தியாவில் இந்த வேலையை முறையாக எடுத்து நடத்தியது மேற்கு வங்கத்தின் பர்த்வான் பல்கலைக்கழகம். பி. கே. சௌதுரியும் அவருடைய மாணவர்களும் நெல் வயல்களில், குளங்களில், மலையோடைகளில் தேடித் தேடி ஆண், பெண், கூட்டுப்புழு, புழு என்று எல்லா நிலைகளையும் வரைந்து வெளியிட்டார்கள். சௌதுரியும் சட்டோபாத்யாயும் மேற்கு வங்க நெல் வயல் கைரோனோமிட்களைப் பற்றி 1990-ல் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் என் மேசையில் இருக்கிறது. 1992-ல் சௌதுரி, தாஸ், அமெரிக்கரான சப்லெட் மூவரும் சேர்ந்து விவரித்த கைரோனோமஸ் ரமோசஸ் பிற்பாடு புனே பல்கலைக்கழகத்தில் கதிரியக்க ஆய்வுகளுக்கு உட்பட்டது. மனிதனைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்குக்கும் மேலான காமா கதிர்வீச்சை அதன் புழு தாங்குகிறது என்று தெரியவந்தது. விவரிப்பு ஒழுங்காக இருந்ததால்தான் வேறொரு ஊரில், வேறொரு துறைக்காரர்கள் அதே இனத்தை நம்பிக்கையோடு எடுத்து வளர்க்க முடிந்தது.

ஆகவே, இந்தத் தொழிலில் கண்டுபிடிப்பு என்பது குறைந்த பங்கு. ஓர் இனம் புதியது என்று தோன்றுவதற்கு ஒரு மாலை போதும். அது ஏற்கெனவே பெயர் பெற்ற எதுவும் இல்லை என்று நிரூபிப்பதுதான் ஆண்டுகளைத் தின்னும். ஜப்பானில், ஆஸ்திரேலியாவில், ஆப்பிரிக்காவில், கல்கத்தாவில் எழுதப்பட்டவை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பூச்சிகளுக்கு எல்லை தெரியாது. ஜப்பானின் கீ தீபகற்பத்தின் பெயரால் 1936-ல் தோக்குநாகா விவரித்த கைரோனோமஸ் கீயென்சிஸ் மலேசிய நெல் வயல்களிலும் பறக்கிறது. நான் "புதியது" என்று தனிப் பெட்டியில் ஒதுக்கி வைத்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் ஏதோ ஒரு பழைய பெயருக்குள் போய்ச் சேர்ந்தன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பழைய இனம் பூந்தமல்லியிலும் இருக்கிறது என்று தெளிவான ஓவியத்தோடு பதிவது, அவசரமாக ஒரு புதுப் பெயரைச் சேர்த்துக் குப்பையைக் கூட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆண் பூச்சியை மட்டும் வைத்து விவரிப்பது பாதி வேலை. ஏரியின் நிலையைச் சொல்வது சேற்றில் கிடக்கும் புழு. பெயர் இருப்பதோ பறக்கும் ஆணுக்கு. இரண்டையும் இணைக்க ஒரே வழி வளர்த்துப் பார்ப்பது. நெஞ்சு பருத்த, கூட்டுப்புழுவாகத் தயாரான புழுவாகப் பார்த்து எடுத்து, ஒரு புழுவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் ஒரு விரல் அளவு ஏரித் தண்ணீர், வாயில் கொசுவலைத் துண்டு. மே மாதத்தில் குப்பித் தண்ணீர் சூடேறிப் புழு செத்துவிடும் என்பதால் ஈர மணல் போட்ட மண்சட்டியில் குப்பிகளை நட்டு வைப்பேன். பூச்சி வெளிவந்ததும் உடனே ஆல்கஹாலில் போடக் கூடாது. மேலோடு இறுகி நிறம் ஏற ஒரு நாள் கொடுக்க வேண்டும். புழுத்தோல், கூட்டுப்புழுத்தோல், பூச்சி மூன்றும் ஒரே எண்ணின் கீழ் ஸ்லைடுக்குப் போகும். கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் மீனுக்குத் தீனியாக விற்கும் ரத்தப்புழுவை வாங்கி மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுப்பது வழக்கம். கை பழகிய பிறகுதான் ஏரிப் புழுவைத் தொட விடுவேன்.

வெளியுருவம் ஒன்றாகவே இருந்து உள்ளே இரண்டு இனங்களாக இருப்பவையும் உண்டு. அங்கே புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிதான் உதவும். 1881-ல் பல்பியானி இந்தப் புழுவின் சுரப்பியில்தான் பட்டை பட்டையாகத் தெரியும் ராட்சதக் குரோமோசோம்களை முதன்முதலில் பார்த்தார். 1960-ல் கிளெவரும் கார்ல்சனும் ஒரு ஹார்மோனைச் செலுத்தி அதே குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடம் உப்பிவருவதைக் காட்டினார்கள். மரபணு இயங்குவதைக் கண்ணால் பார்த்த மாதிரியான காட்சி அது. சுரப்பியைச் சாயத்தில் ஊற வைத்து, கவர்ஸ்லிப்பை வடிதாளோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்தி அந்தப் பட்டைகளை முதல்முறை பார்க்கும் மாணவன் நாற்காலியை விட்டு எழ மாட்டான். பட்டைகளின் வரிசை மாறியிருந்தால் இனமும் வேறாக இருக்கலாம்.

இப்போது டி.என்.ஏ. பார்கோடு வந்துவிட்டது. ஒரே ஒரு காலைக் கிள்ளி அனுப்பினால் 658 எழுத்துகள் கொண்ட தொடர் வந்து சேரும். புழுவையும் ஆணையும் இணைக்க அது வரப்பிரசாதம். குப்பியில் செத்துப்போன புழுவையும் வீணாக்காமல் காப்பாற்றித் தருகிறது. ஆனால் கீஃபர் காலத்து ஸ்லைடுகளுக்குப் பார்கோடு இல்லை. தொடரை மட்டும் வைத்துப் புதுப் பெயர் கொடுத்தால், பழைய பெயர்களோடு அதை ஒப்பிட வழியே இல்லாமல் போகும். மூலமாதிரி கிடைத்த அதே ஊருக்குப் போய்ப் புதிதாகப் பிடித்து, வடிவத்தையும் பார்த்து, தொடரையும் எடுத்து இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்பதுதான் என் கவலை. கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. பால்சம் காயக் காத்திருக்கும் பொறுமைக்குச் சம்பளம் கொடுப்பவர் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால்தானே புதிய இனம் கிடைக்கும் என்று கேட்பார்கள். மலையில் நிறைய இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நம்மைச் சுற்றி இருக்கும் தண்ணீரை யார் பார்த்தார்கள்? முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஊரே அந்த ஏரியைப் பற்றிப் பேசியது. அதன் அடிச்சேற்றில் எது வாழ்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதே ஏரியில் கரையோரக் கோரைப்புல்லில் ஒட்டியிருக்கும் இனங்கள் வேறு, ஆழச் சேற்றில் இருப்பவை வேறு. திருவேற்காடு பக்கம் கூவத்தில் சாக்கடை கலக்கும் இடத்தில் கைரோனோமஸ் மட்டுமே கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அதே ஆற்றில் திருவள்ளூர்ப் பக்கம், மழை நின்ற சில வாரங்களில் மணல் தெரிய ஓடும் நீரில் வலையைப் போட்டால் தட்டில் வகை வகையாக வந்து விழும். ஜெர்மனியின் ஆகஸ்ட் தீனமன் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏரிகளை அவற்றின் அடியில் வாழும் கைரோனோமிட்களை வைத்து வகை பிரித்தார். கனஉலோகம் கலந்த சேற்றில் வளரும் புழுக்களுக்குத் தாடைப் பற்கள் குறைவதும் கோணுவதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பருத்திப்பட்டிலும் அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் இந்த முறையைக் கையாள நமக்குத் தடையாக இருப்பது ஒன்றே ஒன்று. எந்தப் புழு எந்த இனம் என்ற பட்டியல் நம்மிடம் இல்லை.

திருவள்ளூர்ப் பக்கத்து மணலில் கிடைத்த ஒரு பாலிபெடிலம் இப்போது என் மேசையில் இருக்கிறது. மேல் வோல்செல்லா கொக்கி மாதிரி வளைந்து, நுனிக்குச் சற்று முன் திடீரென்று தடிக்கிறது. நான் பார்த்த எந்த ஓவியத்திலும் இந்தத் தடிப்பு இல்லை. புழுவையும் கூட்டுப்புழுத்தோலையும் வளர்த்து எடுத்தாகிவிட்டது. பெண் பூச்சி இரண்டு மூன்றுதான் கிடைத்தன, ஸ்லைடில் இன்னும் காய்கின்றன. விலங்கியல் பெயரீட்டு விதிகளின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஹோலோடைப் போன்ற மூலமாதிரியை வெளிப்படையாகக் குறித்து, அது எங்கே வைக்கப்படுகிறது என்று சொன்னால்தான் பெயர் செல்லும். நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டமும் புதிய இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்கிறது. எங்களுக்கு அது கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகம். சிவப்பு லேபிளில் எழுத வேண்டிய இடம், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் குறிப்பேட்டில் தயார்.

மாணவி ஒருத்தி, "பூந்தமல்லி பேரு வைங்க சார்" என்கிறாள். கீயென்சிஸ் கதையைச் சொல்லி, ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தத் தடிப்பைச் சொல்லும் பெயராக இருக்கட்டும் என்றேன். அவளுக்கு அதில் உடன்பாடு இல்லை, இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள். பெயரை முடிவு செய்ய நேரம் இருக்கிறது. அதற்கு முன் கொல்கத்தாவுக்குப் போய் கீஃபர் காலத்துப் பாலிபெடிலம் மாதிரிகளில் எஞ்சியிருப்பவற்றைப் பார்த்தாக வேண்டும். அவற்றில் ஒன்றைப் பற்றிய பிரெஞ்சு விவரிப்பில் வோல்செல்லாவுக்கு ஒரே ஒரு வரி இருக்கிறது, தடிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. தடிப்பு இல்லாததால் எழுதவில்லையா, பார்க்காததால் எழுதவில்லையா என்பதை அந்த ஸ்லைடு ஒன்றுதான் சொல்ல முடியும்.